மணத்தின் நெடுங்கணக்கு

மலருக்கு நிறம் உண்டு, வடிவம் உண்டு, மென்மை உண்டு. ஆயினும், மல்லிகையை மல்லிகை என்று உலகம் போற்றுவது அதன் மணத்தாலேயே ஆகும். கண்ணை மூடிக்கொண்டு நடப்பவனும் மல்லிகைக் கூடை ஒன்றைக் கடக்கும்போது அதனை அறிந்துகொள்கின்றான். அவன் பூவைத் தொடவில்லை, காணவில்லை, எவரும் அவனுக்குச் சொல்லவும் இல்லை. பின்னர் எவ்வாறு அறிந்தான்? காற்று வந்து சொல்லிற்று என்பர் புலவர். காற்று எந்த மொழியில் சொல்லிற்று, மூக்கு அதனை எவ்வாறு படித்தது என்று கேட்பர் அறிவியலார். இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, மதுரைப் பூக்கார மூதாட்டியார் ஒருவரின் வாழ்வில் நிகழ்ந்தது பெரிதும் துணை செய்யும்.

கோயிலைச் சூழ்ந்த வீதி ஒன்றின் முனையில் அம்மூதாட்டியார் நாற்பது ஆண்டுகளாகப் பூ விற்று வந்தார். நாள்தோறும் விடியலில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குச் செல்வார். வைகறையில் பறித்த மொட்டுகள் அங்கே வெண்முத்துப் போலக் குவிந்து கிடக்கும். அவற்றுள் அன்று பறித்தவை எவை, முதல்நாள் மிஞ்சியவற்றைக் கலந்து வைத்தவை எவை என்பதை, ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுசென்ற அளவிலேயே கூறிவிடுவார். ஆதலின், வணிகர் அவரிடம் பொய்ச்சரக்கை நீட்ட அஞ்சுவர். வாங்கிய மொட்டுகளை வாழைநாரில் தொடுத்து, மாலையில் முழம் போட்டு விற்பார். மல்லிகை மாலையில் மலரும் இயல்பினது. மொட்டுகள் ஒவ்வொன்றாய் வாய் திறக்க, மணம் அவ்வீதி முழுவதும் பரவும். ‘பூவை நான் விற்பதில்லை, அதுவே தன்னை விற்றுக்கொள்கிறது’ என்று அவர் நகைத்துக் கூறுவது உண்டு.

2021-ஆம் ஆண்டின் கோடையில் கொரோனா நோய் நாடெங்கும் பரவியபோது, அஃது அவரையும் பற்றியது. பத்து நாளில் காய்ச்சல் நீங்கிற்று; இருமலும் தணிந்தது. ஆனால், மணம் அறியும் ஆற்றல் மட்டும் திரும்பவில்லை. காபி, வெறும் வெந்நீராய்த் தோன்றிற்று. வெங்காயம் தாளிக்கும் மணமும் தெரியவில்லை. சாம்பிராணிப் புகையும் தெரியவில்லை. ஓர் இரவு, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. எரிவாயு மட்டும் வெளிவந்துகொண்டே இருந்தது. மூதாட்டியார் அடுப்பங்கரையிலேயே அமர்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த பேத்தி ஓடிவந்து குழாயை மூடிக் கதவுகளைத் திறந்தாள்.

“அப்பத்தா, இத்துணை நாற்றம் வீசுகிறதே! உங்களுக்குத் தெரியவில்லையா?” என்று பதறினாள்.

“தெரியவில்லையம்மா. எனக்கு உலகமே வெந்நீராய்ப் போய்விட்டது” என்றார் மூதாட்டியார்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. அது கசிந்தால் மக்கள் அறிந்து தப்புதல் வேண்டும் என்பதற்காகவே, மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு அதனோடு கலக்கின்றனர். நூறு கோடிப் பங்கு காற்றில் ஒருசில பங்கே இருந்தாலும் அதனை மூக்கு கண்டுகொள்ளும். மூக்கு என்பது பூ முகர்வதற்கு மட்டும் அமைந்த உறுப்பு அன்று. அது வீட்டு வாயிலில் நிற்கும் காவலாளி. அக்காவலாளி உறங்கிவிட்டால் வீட்டுக்கு வரும் கேட்டினை அவ்விரவு உணர்த்திற்று.

நம் முன்னோர் மூக்கின் சிறப்பை அறியாதவர் அல்லர். உயிர்களை அவற்றின் அறிவு வகையால் ஓரறிவு முதலாக ஆறறிவு ஈறாக வகுத்த தொல்காப்பியர், உடம்பால் அறிவதை முதலாவதாகவும், நாவால் அறிவதை இரண்டாவதாகவும், மூக்கால் அறிவதை மூன்றாவதாகவும் வைத்தார். கறையானும் எறும்பும் அம்மூன்றாம் அறிவை உடையவை என்றும் கூறினார். கண்ணும் செவியும் அதற்குப் பின்னரே எண்ணப்பட்டன. எறும்பு முதல் மனிதன் வரை பல உயிர்களுக்கும் பொதுவாகிய இவ்வறிவு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை இனிக் காண்போம்.

மணம் என்பது உருவமற்றது அன்று; அது பொருளே. மலர்ந்த மல்லிகையிலிருந்து மிக நுண்ணிய மூலக்கூறுகள் ஆவியாய் எழுந்து காற்றில் மிதக்கின்றன. லினலூல், பென்சைல் அசிட்டேட்டு, இண்டோல் முதலிய பல சேர்மங்கள் அவற்றுள் அடங்கும். இவ்வாறு காற்றில் எழும் இயல்பு இல்லாத பொருளுக்கு மணமும் இல்லை. கண்ணாடியை எத்துணை நேரம் முகர்ந்தாலும் மூக்குக்கு ஒன்றும் கிட்டாமைக்குக் காரணம் இதுவே.

நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது அம்மூலக்கூறுகள் மூக்கினுள் புகுந்து, அதன் உச்சியை அடைகின்றன. அங்கே, இரு கண்களுக்கும் இடைப்பட்ட உயரத்தில், சிறு தபால்தலை அளவான மெல்லிய சவ்வு ஒன்று உள்ளது. மணத்தை அறியும் நரம்பு உயிரணுக்கள் இலட்சக்கணக்கில் அதில் செறிந்துள்ளன. ஒவ்வோர் உயிரணுவின் நுனியிலிருந்தும் மயிரிழையினும் மெல்லிய இழைகள் நீண்டு, ஈரமான சளிப்படலத்தில் மிதக்கின்றன. மூளையின் நரம்பணுக்கள் யாவும் எலும்புக் கோட்டைக்குள் ஒளிந்திருக்க, இவை மட்டும் புறவுலகின் காற்றில் நேரே கைந்நீட்டி நிற்பது வியப்புக்குரியது அன்றோ?

அவ்விழைகளின் மேல் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் பதிந்துள்ளன. மணப்பொருளை ஏற்பது ஆதலின் அஃது ஏற்பி எனப்பட்டது. ஒவ்வோர் ஏற்பியும் உயிரணுவின் மேலுறையை ஏழுமுறை ஊடுருவித் தைத்த நூல் போல அமைந்து, நடுவே ஒரு சிறு குழியை உடையதாய் இருக்கும். குழிக்கு ஏற்ற வடிவும் தன்மையும் உடைய மூலக்கூறு அங்கு வந்து பொருந்தினால், ஏற்பியின் உருவம் சற்றே அசைந்து மாறும். அவ்வசைவு, உட்புறத்தில் காத்திருக்கும் ஜி-புரதம் என்னும் மற்றொரு புரதத்தை எழுப்பும். அஃது ஒரு நொதியை ஏவும். நொதி, வளைய ஏ.எம்.பி. என்னும் தூதுப் பொருளை மிகுதியாக உண்டாக்கும். தூதுப் பொருள் உயிரணுவின் மதகுகளைத் திறக்கும். சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். மின்துடிப்பு ஒன்று பிறக்கும். ஒருவன் கதவைத் தட்ட, அடுத்தவன் மணியடிக்க, ஊரே விழித்துக்கொள்வது போன்றது இது. இவை யாவும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் நடந்து முடிகின்றன.

பொருளின் வடிவத்துக்கும் அது தரும் உணர்வுக்கும் தொடர்பு உண்டு என்னும் எண்ணம் பழமையானது. கி.மு. முதல் நூற்றாண்டில் உரோம நாட்டில் வாழ்ந்த லுக்ரீசியஸ் என்னும் புலவர், இன்பம் தரும் பொருள்களின் அணுக்கள் வழுவழுப்பானவை என்றும், வெறுப்புத் தருவன கொக்கி போன்று வளைந்தவை என்றும் பாடினார். ஆயின், மூக்கின் ஏற்பிகள் எவை என்பது நெடுங்காலம் புலப்படவில்லை. 1991-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களாகிய லிண்டா பக் என்னும் அம்மையாரும் ரிச்சர்டு ஆக்சல் என்பாரும் அப்புதிரை அவிழ்த்தனர். எலியின் மூக்கில் ஆய்ந்து, ஏற்பிகளை ஆக்கும் மரபணுக்களின் மிகப் பெரிய குடும்பம் ஒன்றை அவர்கள் கண்டனர். எலிக்கு அத்தகைய மரபணுக்கள் ஆயிரம் அளவில் உள்ளன. மனிதருக்குச் செயற்படுவன ஏறத்தாழ 400. இவ்வரிய கண்டுபிடிப்புக்காக 2004-ஆம் ஆண்டில் அவ்விருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டில், மனித ஏற்பி ஒன்று தன் குழிக்குள் மணமூலக்கூற்றைப் பற்றிக்கொண்டிருக்கும் தோற்றத்தையே, உறைநிலையில் வைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆய்வாளர் கண்டறிந்தனர்.

இங்கு ஓர் ஐயம் எழும். ஏற்பி வகைகள் 400 அளவினவே ஆயின், எண்ணற்ற மணங்களை நாம் பிரித்தறிவது எங்ஙனம்? இதற்குத் தமிழ் நெடுங்கணக்கே விடை கூறும். உயிர் 12, மெய் 18 ஆக முதலெழுத்துகள் முப்பதே. அவை கூடிப் பிறந்த எல்லா எழுத்துகளையும் எண்ணினாலும் 247-க்கு மேல் இல்லை. ஆனால், அவற்றால் ஆகும் சொற்களுக்கு எல்லை உண்டோ? மணமும் அத்தகையதே. ஒரு மூலக்கூறு ஓர் ஏற்பியை மட்டும் தொடுவதில்லை, பலவற்றைத் தொடுகின்றது. ஓர் ஏற்பியும் ஒரு மூலக்கூற்றுக்கு மட்டும் இசைவதில்லை, பலவற்றுக்கு இசைகின்றது. எந்த எந்த ஏற்பிகள் ஒருங்கே விழித்தன என்னும் கூட்டே ஒரு மணத்தின் சொல் ஆகின்றது. லிண்டா பக்கும் அவருடன் ஆய்ந்தோரும் 1999-ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாகக் காட்டினர். ஏற்பிகள் எழுத்துகள்; மணங்கள் அவற்றால் ஆகிய சொற்கள்.

அச்சொற்களைப் படிக்கும் இடம் மூளை. ஓர் உயிரணு பெரும்பாலும் ஒரே வகை ஏற்பியையே தாங்குகின்றது. அவ்வுயிரணுக்களின் நரம்பிழைகள் சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியே மேலேறி, மூளையின் அடியிலுள்ள நுகர்ச்சிக் குமிழை அடைகின்றன. ஒரே வகை ஏற்பியை உடையன எங்கிருந்து புறப்பட்டாலும் அங்கே ஒரே முடிச்சில் வந்து கூடுகின்றன. எழுத்துகள் தத்தம் இடத்தில் நிரல்பட நிற்பதால் சொல் தெளிவாகின்றது. பின்னர் அச்செய்தி நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் மூளைப் பகுதிகளை விரைவில் எட்டுகின்றது. தாயின் புடவை மணம், நெடுநாள் கழித்தும் ஒருவன் கண்ணை நனைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓரெழுத்து மாறினால் ‘மலை’ என்பது ‘கலை’ ஆகின்றது. மணத்திலும் அத்தகைய மாற்றம் உண்டு. கார்வோன் என்னும் சேர்மம், வலக்கையும் இடக்கையும் போல, ஒன்றற்கொன்று கண்ணாடி நிழலாகிய இரு வடிவங்களில் உள்ளது. ஒரு வடிவம் புதினா இலையாய் மணக்கின்றது. மற்றொன்று ஐரோப்பியர் ரொட்டியில் இடும் கேரவே என்னும் சீரக வகையாய் மணக்கின்றது. அணுக்கள் அவையே, எண்ணிக்கையும் அதுவே. வலக்கை உறையில் இடக்கை பொருந்தாதது போல, அவை ஏற்பிகளின் குழிகளில் வெவ்வேறாகப் பொருந்துகின்றன.

குறில் நெடிலாகி மாத்திரை நீண்டாலும் பொருள் மாறும். ‘மலை’ என்பது ‘மாலை’ ஆகின்றது. இதற்கு மல்லிகையே சான்று. மேலே கூறிய இண்டோல், மலத்திலும் இருப்பது. மிகுந்த அளவில் அருவருப்பான வாடை வீசுவது. அதுவே மிகச் சிறிய அளவில் மலர்மணம் ஆகின்றது. மல்லிகையிடமிருந்து அதனை நீக்கிவிட்டால் மணத்தின் நிறைவு குன்றும். பழந்தமிழில் ‘நாற்றம்’ என்னும் சொல் நறுமணத்தையும் குறித்தது. இன்று அது தீயதையே குறிக்கின்றது. நன்மணமும் தீமணமும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தமை போலவே, ஒரே பொருளிலும் அடங்கியுள்ளன.

இனி மூதாட்டியாரிடம் மீள்வோம். மூன்று திங்கள் கழிந்தன. ஒருநாள் மாலை, தொடுத்த மல்லிகைச் சரத்தை எடுத்தவர் திடுக்கிட்டார். மூக்கு விழித்துக்கொண்டது, ஆனால், அது கூறியது மல்லிகையை அன்று. கருகியதும் அழுகியதும் கலந்ததோர் தீநாற்றம் எழுந்தது! சரத்தைக் கீழே போட்டார், மறுபடி எடுத்து முகர்ந்தார், மீண்டும் அதுவே. காபியும் அவ்வாறே நாறிற்று, வெங்காயமும் நாறிற்று. நாற்பது ஆண்டு மடியில் வைத்து வளர்த்த பூவை அணுகவும் இயலாமல், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கூடையின் முன் அமர்ந்தார். கண்டோர் முகம் சுளித்தனர். பூக்காரியே மூக்கைப் பொத்தும் பூவை எவர் வாங்குவர்? விற்பனை நாளுக்கு நாள் குறைந்தது. “மணம் போனபோது பொறுத்தேன். இப்பொழுது பூவே எனக்குப் பகையாகிவிட்டதே!” என்று அவர் கண்கலங்கினார். கூடையை மற்றொருவரிடம் ஒப்படைத்துவிடவும் எண்ணினார்.

இந்நிலை அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்தது அன்று. உலகெங்கும் மிகப் பலர் அக்காலத்தில் இவ்வாறு துன்புற்றனர். அந்நோய்க் கிருமி மணமறியும் நரம்பணுக்களைவிட, அவற்றைத் தாங்கி ஊட்டும் அண்டை உயிரணுக்களையே முதலில் தாக்குகின்றது என்று 2020-ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. தாங்குவன வீழ, நரம்பணுக்களும் நலிகின்றன. ஆயினும், மூக்குக்கு இயற்கை ஒரு வரம் அளித்துள்ளது. மூளையின் நரம்பணுக்கள் பெரும்பாலும் அழிந்தால் மீண்டும் பிறப்பதில்லை. மூக்கின் நரம்பணுக்களோ வாழ்நாள் முழுவதும் புதியனவாய் முளைக்கின்றன. முளைத்தவை தத்தம் முடிச்சைத் தேடிச் சேர்தல் வேண்டும். எல்லாம் ஒருங்கே வந்து சேர்வதில்லை. சில ஏற்பிகள் திரும்பியும் சில திரும்பாமலும் உள்ள இடைக்காலத்தில் மணம் பிறழ்ந்து தோன்றுகின்றது என்று அறிஞர் கருதுகின்றனர்.

செல்லரித்த ஏட்டுச்சுவடியைப் படிப்பவர் இதனை எளிதில் உணர்வர். பாட்டு அழிந்துவிடவில்லை, இடையிடையே எழுத்துகள் உதிர்ந்துள்ளன. எஞ்சிய எழுத்துகளை மட்டும் கூட்டிப் படித்தால், நல்ல சொல்லும் வசைச்சொல்லாய்த் தோன்றும். அதற்காகச் சுவடியை ஆற்றில் எறிந்துவிடலாமோ? பழஞ்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் அவ்வாறு எறியவில்லை. மீண்டும் மீண்டும் படித்தனர். பல ஏடுகளை ஒப்பிட்டனர். உதிர்ந்த எழுத்தை உணர்ந்து கொண்டனர்.

மூக்குக்கும் அத்தகைய பயிற்சி ஒன்று உண்டு. ஜெர்மனி நாட்டு டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2009-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களை நாள்தோறும் காலையும் மாலையும் கருத்தூன்றி முகர்தல் வேண்டும். பன்னிரண்டு வாரம் இடைவிடாது செய்தல் வேண்டும். அவ்வாறு செய்தோருள் பலருக்கு, செய்யாதவரினும் மிகுதியாக மணம் அறியும் ஆற்றல் மீண்டது.

பேத்தியின் வற்புறுத்தலால் மருத்துவரை அடைந்த மூதாட்டியாருக்கு இப்பயிற்சியே கூறப்பட்டது. அவர் நகைத்தார். “ஐந்து வயதில் அரிச்சுவடி படிக்கவில்லை, அறுபத்தைந்தில் மூக்குக்கு அரிச்சுவடியா?” என்றார். ஆயினும் தொடங்கினார். நான்கு சிறு புட்டிகளைப் பேத்தி அமைத்துத் தந்தாள். பன்னீர் ரோஜா இதழ் ஒன்றில், எலுமிச்சைத் தோல் ஒன்றில், கிராம்பு ஒன்றில், நீலகிரித் தைலம் ஒன்றில். விளக்கேற்றும் போதும் விடியலில் எழும் போதும் ஒவ்வொன்றாய் எடுத்து முகர்வார். “இது ரோஜா, நன்றாக நினைத்துப் பாருங்கள் அப்பத்தா” என்று பேத்தி ஆசிரியையைப் போலக் கூறுவாள். முதல் மாதத்தில் பயன் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதத்தில் நான்கும் ஒன்றுபோல் கருகி நாறின. அவர் புட்டிகளை ஒதுக்கிவைத்தார். பேத்தி மறுநாளே மீண்டும் எடுத்து வைத்தாள்.

தைத்திங்களில் ஒருநாள், கிராம்புப் புட்டியைத் திறந்தவர் சற்று நின்றார். “பிள்ளை, இது கிராம்பு!” என்றார். மேலே எழுதியிருந்ததைக் கண்டு கூறினாரோ என்று ஐயுற்ற பேத்தி, புட்டிகளை மாற்றி வைத்து, கண்ணை மூடச் செய்து மும்முறை வினவினாள். மும்முறையும் விடை சரியாய் இருந்தது. முதல் எழுத்து திரும்பிவிட்டது! பின்னர் எலுமிச்சை வந்தது. நெடுநாள் கழித்துக் காபியின் தீநாற்றம் தணிந்தது.

2022-ஆம் ஆண்டின் சித்திரை மாதம். மல்லிகை மிகுந்து விளையும் காலம். வீதிமுனையில் மொட்டுகள் வாய் திறக்கும் வேளையில், மூதாட்டியார் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார். சரத்தை அருகே கொண்டுசென்று நெடுநேரம் முகர்ந்தார்.

“என்ன அப்பத்தா, என்ன மணம்?” என்றாள் பேத்தி.

“மல்லிகைதான் அம்மா. ஆனால், அடுத்த தெருவிலே இருக்கிறது” என்றார்.

பழைய மணம் முழுவதும் அவருக்குத் திரும்பிவிட்டது என்று கூறுதல் பொருந்தாது. சந்தையில் பூத் தேர்ந்தெடுக்கும்போது, இன்றும் ஒரு கைப் பூவைப் பேத்தியிடம் நீட்டி, அவள் மூக்கையும் கேட்டுக்கொள்கின்றார். ஆனால், கூடை அவரிடமே உள்ளது, பயிற்சியும் நிற்கவில்லை.

மணம் பூவில் மட்டும் இருப்பதன்று. பூ எழுத்துகளைக் காற்றில் தூவுகின்றது. அவற்றைக் கூட்டிப் படிப்பது மூக்கும் மூளையுமே ஆகும். பிறந்த நாள் முதல் அவ்வெழுத்துகளை நாம் நாள்தோறும் படிக்கின்றோம். படிக்கின்றோம் என்பதையே அறியாமல் படிக்கின்றோம். மூச்சுத்தோறும் நடைபெறும் இவ்வரும்பணியின் மதிப்பை, அதனை இழந்து, முதுமையில் ஓரெழுத்து ஓரெழுத்தாய் மீண்டும் கற்றுக்கொண்ட அப்பூக்கார மூதாட்டியார் நன்கு அறிவார்.